வயலட் பேசாத வாரத்தில் எங்கள் குடும்ப ஜெபம்

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது நான்; ஜெபிப்பது வயலட். கல்யாணமான புதிதில் தானாக அமைந்த ஏற்பாடு இது. இத்தனை காலத்தில் இருவரும் அதை மாற்ற நினைத்ததில்லை.

நான் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு தேதி தெரிந்தால்தான் எனக்கு மனம் அமையும். பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் மணிக்கூண்டு எந்த ஆண்டில் கட்டியது, எந்தப் போதகர் காலத்தில் ஓடு மாற்றினார்கள் என்று கேட்பவர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் கூட்டத்தில் யாராவது "ஐயா ஒரு சின்ன ஜெபம் செய்வாங்க" என்று சொல்லிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

வயலட்டின் தொண்டை கரகரக்கத் தொடங்கியது கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பிறகு. பனங்கற்கண்டு, மிளகு, ஆவி எல்லாம் பார்த்தாகிவிட்டது. குரல்நாணில் ஒரு சிறு கட்டி என்று எங்கள் ஊர் மருத்துவர் கண்டுபிடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு பெட்டிகளும் ஒரு ஃபிளாஸ்க்குமாக நாங்கள் அந்த ஊரில் இறங்கினோம்.

தங்கியது ஆரியசாலையில், ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மாடியில். கடைக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சி. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். கீழே மூட்டை மூட்டையாக வற்றல் மிளகாய். படியேறும்போதே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

"தும்முங்கோ சாரே, தும்முங்கோ" என்றார் அண்ணாச்சி. "ஆரியசாலையில தும்மாதவன் வெளியூர்க்காரனே இல்லையாக்கும்."

"நீங்க தும்ம மாட்டீங்களா அண்ணாச்சி?"

"நான் ஊருக்குப் போனாத்தான் தும்முவேன். அங்க காத்து சுத்தம், கேட்டோ. எனக்கு ஒத்துக்காது."

வயலட் சிரித்தாள். அவள் சிரிப்பு அப்போது காய்ந்த ஓலை உரசுவது போல இருந்தது.

மருத்துவமனையில் பெயர் பதிகிற இடத்தில் ஒரு சிறு தடங்கல். "கணவர் பேரு?" என்று கேட்டது அங்கிருந்த பெண். வயலட் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மை சொன்னா மதி, அது போதும்" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குத் தெரியாது" என்றாள் வயலட்.

"அய்யோ, மறந்து போச்சா?" அந்தப் பெண் வாய்பொத்திச் சிரித்தாள். பக்கத்திலிருந்தவளிடம் மலையாளத்தில் சொன்னதன் பொருள் இது: "என் வீட்டுக்காரர் பேரை நான் நாளெல்லாம் தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவேன்."

வயலட் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, அத்தைமார் சொன்னதில்லை. அதனால் அவளும் சொல்ல மாட்டாள். 'ஏங்க' என்பாள், அடுத்தவரிடம் 'பியூலா அப்பா' என்பாள், ஜெபத்தில் ஆண்டவரிடம்கூட 'இவர்' என்றுதான் என்னைச் சொல்வாள். ஆண்டவருக்கு ஆள் விளங்கும் என்பது அவள் நம்பிக்கை. சாமுவேல் என்று நானே சொல்லிப் பதிந்துகொண்டேன்.

டாக்டர் இளவயதுப் பெண். தமிழ்நாட்டில் படித்தவராம், நன்றாகவே தமிழ் பேசினார். வியாழக்கிழமை கட்டியை எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதன் பிறகு தான் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது.

"குரல் பழையபடி வருமா?" என்று நான் கேட்டேன்.

"வரலாம். கொஞ்சம் மாறியும் வரலாம். இப்பவே உறுதி சொல்ல முடியாது சார். அம்மா பாடுவாங்களா?"

"பாட்டு சுமார்தான்" என்றாள் வயலட். "ஜெபம் பண்ணுவேன்."

"அது மனசுக்குள்ளே பண்ணலாமே."

"எங்க வீட்டுல சத்தமாத்தாம்மா. இவர் வாசிப்பார், நான் ஜெபிப்பேன். நான் வாயை மூடிட்டா அந்தப் பக்கம் ஒண்ணுமே இருக்காது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தைப் பார்த்தேன்.

எங்கள் மகள் பியூலா தோஹாவில் இருக்கிறாள். போன முறை வந்தபோது என் போனில் ஒரு பைபிள் ஆப் ஏற்றிக் கொடுத்தாள். நாளுக்கு ஒரு அதிகாரம் அதுவே திறந்து வைக்கும். வசனத்தைத் தொட்டால் கீழே குறிப்பு விரியும். இன்னொரு தொடுதலில் வரைபடம், எந்த ராஜாவின் காலம், மூல மொழியில் என்ன சொல், மற்ற மொழிபெயர்ப்புகள், வாசித்துக் காட்டுகிற குரல் எல்லாம் வரும். என் போன்ற ஆளிடம் இதைக் கொடுத்தது பியூலா செய்த தவறு. குடும்ப ஜெபத்தில் வாசிப்பு நீண்டு, ஜெபம் ஆறிப்போகத் தொடங்கியது. அர்தசஷ்டா ராஜாவில் எந்த அர்தசஷ்டா என்று ஒரு மாலை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது வயலட் சொன்னாள்: "அவர் எவராவது இருந்துட்டுப் போறார். நான் சோறு வடிக்கணும். ஜெபிக்கலாமா?"

செவ்வாய்க்கிழமை பரிசோதனைகள் சீக்கிரம் முடிந்தன. கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் பிடித்தோம். நெகேமியா புத்தகம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, நெகேமியா ராத்திரியில் சுற்றிப் பார்க்கிற பகுதி. எந்த வாசலில் புறப்பட்டு எந்த வாசலில் முடித்தார் என்று வரைபடத்தில் விரலோட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.

கண்டக்டர் மலையாளத்தில் கத்தியதைத் தமிழில் எழுதுகிறேன்: "விழிஞ்ஞம் விழிஞ்ஞம் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அப்பச்சன் போனுக்குள் இறங்கிவிட்டார்."

"எருசலேம் வரைக்கும் போயிட்டு இப்பத்தான் வாறார்" என்றாள் வயலட் தமிழில். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். தமிழ் தெரியாத ஊர் என்று நினைக்கக்கூடாது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோவில் விழிஞ்ஞத்துக்குத் திரும்பினோம். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, ஆட்டோ அவற்றின் நிழலிலேயே ஊர்ந்தது. ஒரு பக்கம் வானத்தைத் தொடும் கிரேன்கள், மறுபக்கம் வலை காயப்போட்டிருக்கிற மீன்பிடி துறை. எங்கள் தூத்துக்குடியில் இவை இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதாக எனக்கு ஞாபகம். இங்கே தோளோடு தோள் உரசுகின்றன.

கரையில் நெத்திலி கூறு வைத்திருந்த பெண்ணிடம் வயலட் பேச்சுக் கொடுத்தாள். பெயர் பிலோமினா. தமிழும் மலையாளமும் பாதிப் பாதியாகக் கலந்து பேசினாள்.

"என்ன சத்தம் இது? சளியா?"

"கட்டி. நாளன்னைக்கு ஆபரேஷன்."

பிலோமினா கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் செதில் மின்னிய அந்தக் கையை வயலட்டின் தொண்டையில் வைத்து, கட்டைவிரலால் சிறிதாக ஒரு சிலுவை வரைந்தாள். "சுகமாகும், கேட்டோ. ஒன்பது நாள் ஜெபம் உண்டு, அந்த நொவேனையில சொல்லிக்கறேன். பேரு என்ன?"

பெயரைக் கேட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் வயலட் தொண்டையைத் துடைக்கவில்லை. ஆட்டோவில் மீன் வாசம் கூடவே வந்தது.

அன்றிரவுச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் குடம்புளி போட்ட சிவந்த மீன்கறியும். தேங்காய் அரைத்த எங்கள் குழம்புக்குப் பழகிய நாக்குக்கு அது வேறொரு ஊர்தான். இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் வைத்தார்கள். சாயம் போன தண்ணீரோ என்று நான் தயங்க, அது பதிமுகப் பட்டை என்று சொல்லி வயலட் என் தம்ளரையும் குடித்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை அண்ணாச்சி படியேறி வந்தார். "நாளைக்கு காலம்பற பழவங்காடி பிள்ளையாருக்கு அம்மா பேர்ல ஒரு தேங்காய் உடைச்சிருதேன். உங்களுக்கு விரோதம் ஒண்ணும் இல்லையே?"

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் வயலட் சொன்னாள்: "எனக்காகத்தானே ஓடுதீங்க. நல்லா இருங்க அண்ணாச்சி."

அவர் போனதும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஆப் அன்றைக்குத் திறந்து வைத்திருந்தது நெகேமியாவின் மூன்றாம் அதிகாரம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்க முழுக்கப் பெயர்ப் பட்டியல். அலங்கத்தின் இந்தப் பகுதியை இன்னார் மகன் இன்னார் கட்டினான், அவனருகே இன்னார் கட்டினான் என்று போய்க்கொண்டே இருக்கும்.

"சங்கீதம் ஏதாவது எடுங்க" என்றாள்.

"வரிசை விட்டுப்போகுமே."

"நாளைக்கு என் தொண்டையில கத்தி வைக்கப் போறாங்க. உங்களுக்கு வரிசை."

நான் அதிகாரத்தை மாற்றாமல் போனைப் பிடித்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "சரி, வாசிங்க. ஆளுக்கொரு வசனம்."

குடும்ப ஜெபத்தில் அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வசனம் ஒருவர், அடுத்தது அடுத்தவர். பியூலா இருந்த நாளில் மூன்று பேருக்குச் சுற்றும். இப்போது எனக்கும் அவளுக்குமாகப் போய்வரும். எபிரேயப் பெயர்களில் அவள் தடுக்கி விழுந்தாள். எழுந்து இன்னொரு பெயரில் விழுந்தாள். மீன்வாசல் வந்ததும் நிறுத்தினாள்.

"மீன்வாசலா? நேத்து நாம போனது?"

வரைபடத்தைத் திறந்து காட்டினேன். கடல் மீனைக் கொண்டுவந்து விற்றதால் வந்த பெயராக இருக்கலாம் என்று குறிப்பு சொன்னது. அதன் பிறகு அவளே விரலால் தொட்டுத் தொட்டுத் திறக்கத் தொடங்கினாள். தட்டார்கள் கட்டிய பகுதி வந்தது. "இங்க நகைக்கடை இருக்கிற சாலைக் கடைத்தெரு" என்றாள். தைலக்காரர், வியாபாரிகள் வந்தார்கள், "இவங்க ஆரியசாலை. மிளகாய் மட்டும்தான் இல்ல." தன் மகள்மாரையும் சேர்த்துக்கொண்டு கட்டிய ஒருவன் வந்தபோது, அந்த வசனத்தின்மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். தோஹாவில் அப்போது பியூலா வேலை முடித்து வீடு திரும்பியிருப்பாள்.

"கொத்தனாரே இல்லை போலிருக்கே இதுல" என்றாள் கடைசியில். "எல்லாரும் வேற வேற வேலை செய்தவங்க. அவனவன் வீட்டுக்கு முன்னால கிடந்ததை எடுத்துக் கட்டியிருக்கான்."

எத்தனையோ முறை நான் கடந்துபோன அதிகாரம் அது. எனக்கு அதில் ஆண்டு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பிறகு ஜெபித்தாள். தன் தொண்டைக்காக வேண்டுவாள் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, நாளையிலிருந்து எங்க வீட்டு அலங்கத்துல ஒரு பக்கம் திறந்து கிடக்கும். இவர் அதைப் பார்த்துக்கிடணும். இவர் வாயைத் திறந்து குடும்" என்று முடித்தாள். நான் ஆமென் சொன்னேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று உறைத்தது.

வியாழக்கிழமை காலை அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவு மூடுவதற்கு முன் "சாப்பிடுங்க" என்றாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அன்றைய அதிகாரம் வந்தது. கண் எழுத்தின்மேல் நிற்கவில்லை. ஒரு குறிப்பையும் தொடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன், உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ஒருவர் ஒன்றும் கேட்காமல் ஒரு பழம்பொரியை என் கையில் வைத்தார். அதைத் தின்று முடித்தபோது ஷைனி என்ற நர்ஸ் வந்து, "எடுத்தாச்சு சாரே. அம்மை உறங்குது" என்றார்.

மாலையில் விழித்துக்கொண்டாள். விளக்குப் போடும் நேரம் வந்ததும் என் சட்டைப்பையைக் காட்டினாள். போனை எடுத்தேன். முதல் வசனம் நான் வாசித்தேன். அடுத்தது அவளுடையது.

ஆப்பில் வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறதே என்று தொட்டுவிட்டேன். வானொலிச் செய்தி போலக் கனத்த ஓர் ஆண்குரல் எழுந்தது. வயலட் சட்டென்று போனின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். தலையை ஆட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இது என் வசனம் என்று பொருள்.

விரலை வரியின்மேல் மெல்ல நகர்த்தினாள். உதடு அசையவில்லை. வசனம் முடிந்ததும் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள். நான் அடுத்ததை வாசித்தேன். மறுபடி அவள் விரல், மறுபடி ஒரு தட்டு. ஊசியோடு வந்த ஷைனி, நான் பாதியில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பதைப் பார்த்து, "நெட் போச்சா சாரே?" என்றார்.

"இல்லை, அம்மா வாசிக்கிறாங்க" என்றேன். அவர் ஊசித் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அதிகாரம் முடிந்தது. வயலட் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வேறு வழி இல்லை. நோயாளிகளுக்கான ஆயத்த ஜெபங்கள் ஆப்பில் ஓரிடத்தில் உண்டு. தேடி எடுத்து முதல் வரியை வாசித்தேன். வயலட் கண்ணைத் திறந்தாள். பழைய சோற்றைப் புதுத் தட்டில் வைத்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எனக்கு என்ன தெரியும்? யார், எங்கே, எப்போது என்பது தெரியும். அதைத்தான் சொன்னேன்.

"ஆண்டவரே, இன்றைக்குக் காலையில் டாக்டர் அம்மா உள்ளே நின்றார்கள். அவர்களருகே மயக்க மருந்து கொடுக்கிறவர் நின்றார். அவரருகே ஷைனி சிஸ்டர். விழிஞ்ஞத்தில் பிலோமினா நிற்கிறாள். பழவங்காடிக்குப் போய்வந்த அண்ணாச்சி ஆரியசாலையில் நிற்கிறார். வாசலில் எனக்குப் பழம்பொரி கொடுத்தவர் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், உமக்குத் தெரியும். இவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு எதிரே கட்டினார்கள்."

அதற்குமேல் வரவில்லை. வயலட்டால் ஆமென் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு "ஆமென்" என்றார் ஷைனி. சொல்லிவிட்டு ஊசியைப் போட்டார்.

அதன்பின் நாட்கள் வேறு மாதிரி ஆயின. மருத்துவமனையிலிருந்து மாடி அறைக்குத் திரும்பியிருந்தோம். காலையில் அண்ணாச்சியின் கடையில் தேநீர் குடித்தபடி அன்றைய அதிகாரத்தின் குறிப்புகளை வாசித்துத் தீர்த்துவிடுவேன், தேதிகளோடு. பகலெல்லாம் ஊர் எனக்கு அந்த அதிகாரத்தின் தொடர்ச்சியாகத் தெரிந்தது. ஆட்டோக்காரரிடம் பெயர் கேட்டேன். கஞ்சி கொடுத்த கடைப் பெண்ணிடம் கேட்டேன். எதற்கு என்று அவள் முறைத்தாள். "ஜெபத்துக்கு" என்றேன். "அப்ப என் மகன் பேரையும் எழுதிக்கோங்கோ, வேலையில்லாம நிக்கான்" என்றாள். மாலையில் வாசிப்பு, அவள் விரல், என் மணிக்கட்டில் தட்டு. பிறகு நான் ஜெபத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரிசையாக நிற்க வைப்பேன். அண்ணாச்சி ஒருநாள் படியிலேயே நின்று கேட்டுவிட்டு, போளியும் பாயசமும் வாங்கி வந்து கொடுத்தார். "என் பேரு நல்லாக் கேட்டுச்சு. அடுத்த தடவை என் பொண்டாட்டியையும் சேர்த்துக்கிடுங்கோ, அவளுக்கு முட்டுவலியாக்கும்."

போளியைப் பாயசத்தில் தோய்த்துத் தின்பது இந்த ஊர்ப் பழக்கம். வயலட் கண்ணாலேயே இன்னொன்று கேட்டாள்.

ஆனால் படுக்கும்போது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல் வருமா?

ஒரு வாரம் கழித்து மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். எடுத்த கட்டியில் பயப்படும்படி எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வயலட் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. "இப்ப 'ஆ' சொல்லுங்கம்மா, மெதுவா."

வந்தது. ஆனால் அது எனக்குத் தெரிந்த குரல் அல்ல. ஒரு படி கீழிறங்கி, மணல் கலந்து, யாரோ அக்காள் ஒருத்தி அடுத்த அறையிலிருந்து பேசுவது போல இருந்தது. டாக்டர் தலையசைத்தார். இன்னும் தெளியலாம், இப்படியே நின்றாலும் நிற்கலாம் என்றார். "இன்னைக்குச் சில வார்த்தை மட்டும். பார்த்துச் செலவு பண்ணுங்க."

வயலட் தலையாட்டினாள். ஆட்டோவில் ஒரு வார்த்தையும் செலவு செய்யவில்லை. அண்ணாச்சி கேட்டபோதும் கைகூப்பிச் சிரித்துவிட்டு மாடியேறினாள். தன் குரல் பிடிக்காமல் ஒளித்துக்கொள்கிறாளோ என்று எனக்குப் பயம்.

மாலை உட்கார்ந்தோம். அவள் வசனங்களை வழக்கம்போல விரலால் வாசித்தாள். நான் ஜெபித்தேன். டாக்டர் அம்மா, ஷைனி, பிலோமினா, அண்ணாச்சி, அவர் மனைவியின் முழங்கால், ஆட்டோக்காரர், கஞ்சிக்கடைப் பெண், அவள் மகன், தோஹாவில் பியூலா, நடுவில் வயலட். எல்லாரையும் நிறுத்தி முடித்து, ஆமென் சொல்ல வாயெடுத்தேன். அவள் கை என் மணிக்கட்டில் விழுந்தது.

"ஒரு ஆளை விட்டுட்டீங்க."

அந்தப் புதிய குரல். கண்ணைத் திறக்காமலே யோசித்தேன். மயக்க மருந்துக்காரரா?

"யாரு? பியூலாவைச் சொன்னேனே."

அவள் மூச்சை இழுத்து நிதானித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் அல்ல, ஆண்டவரிடம் சொன்னாள்.

"என்னருகே, சாமுவேல்."

அன்றைய வார்த்தைகள் தீர்ந்துவிட்டன. அவள் காத்திருந்தாள். ஆமென் சொல்ல வேண்டியவன் நான்தான். நாக்கு பழையபடி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே கடையில் வெளியூர்க்காரர் யாரோ அடுத்தடுத்துத் தும்மினார். அவர் தும்மி முடிக்கட்டும் என்று இருந்து, பிறகு சொன்னேன்.